உடைத்தவர் யார்? சஃபோக் தேவாலயங்களும் வில்லியம் டௌசிங்கும்

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், வடக்கே நார்ஃபோக்குக்கும் தெற்கே எசெக்ஸுக்கும் நடுவில் இருக்கிறது சஃபோக் கவுண்டி. மலை கிடையாது, பெரிய நகரம் கிடையாது, கட்டடத்துக்கு உகந்த கல்கூட அந்த மண்ணில் கிடைப்பதில்லை. ஆனாலும் இடைக்காலத்தில் கட்டப்பட்ட தேவாலயங்கள் அங்கே ஏறத்தாழ 500 நிற்கின்றன. அவற்றுள் மிகப் பெரியவை கம்பளித் துணி வணிகத்தின் பணத்தில் எழுந்தவை. லாவன்ஹாம் என்னும் சிற்றூரின் ஆலயக் கோபுரம் 141 அடி உயரம். 1523இல் இறந்த துணி வணிகர் தாமஸ் ஸ்பிரிங் அந்தக் கோபுரத்தை முடிப்பதற்கென்று 200 பவுண்டு எழுதிவைத்தார். லாங் மெல்ஃபோர்டில் கொடையாளர்களின் பெயர்கள் ஆலயத்தின் வெளிச்சுவரிலேயே கல்லில் பதிந்து ஓடுகின்றன. இத்தனை செலவில் கட்டிய ஆலயங்களுக்குள் நுழைந்தால் வேறொரு காட்சி. மாடங்கள் இருக்கின்றன, சுரூபங்கள் இல்லை. பீடப் பகுதிக்கு முன்னால் உயரத்தில் நின்ற பாடுபட்ட சுரூபம் இல்லை. வண்ணக் கண்ணாடி இருந்த பெரிய சாளரங்களில் வெள்ளைக் கண்ணாடி. தரையில் பதித்த கல்லறைப் பலகைகளில் பித்தளைத் தகடு பெயர்ந்த பள்ளங்கள். இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டால் ஊரில் ஆயத்தமாக ஒரு விடை உண்டு: வில்லியம் டௌசிங். சிலர் பதினேழாம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றத் தரப்பில் நின்ற குரோம்வெல்லின் படை என்பார்கள்; அவர்கள் நினைப்பதும் பெரும்பாலும் டௌசிங்கின் ஆட்களைத்தான். இந்த விடை பாதிக்கும் குறைவாகவே உண்மை என்பதும், மீதிக்குப் பொறுப்பு அந்தந்த ஊர்ப் பங்கு மக்களுடையது என்பதும் என் வாதம். அவர்களை அரசாணை நெருக்கியது உண்மை. ஆனால் வேலையைச் செய்தவை அவர்களுடைய கைகள், கூலி போனது அவர்களுடைய பணத்திலிருந்து.

முதலில் டௌசிங். 1596இல் சஃபோக்கின் லாக்ஸ்ஃபீல்ட் கிராமத்தில் பிறந்தவர். நிலபுலன் உள்ள விவசாயி, புத்தகம் சேர்ப்பவர், படித்த பக்கங்களின் ஓரத்தில் குறிப்பு எழுதும் பழக்கம் உடையவர். மன்னர் முதலாம் சார்ல்ஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டபின், கிழக்குக் கவுண்டிகளின் நாடாளுமன்றப் படைக்குத் தலைவராயிருந்த மான்செஸ்டர் பிரபு 1643 டிசம்பரில் அவருக்கு ஒரு பணியை ஒப்படைத்தார். விக்கிரக வழிபாட்டின் சின்னங்கள் என்று கருதப்பட்டவற்றைத் தேவாலயங்களிலிருந்து அகற்றுவது அந்தப் பணி. முதலில் கேம்பிரிட்ஜ், பிறகு 1644 ஜனவரியிலிருந்து சஃபோக். போன இடம், போன நாள், அங்கே கண்டது, உடைத்தது, உடைக்கச் சொன்னது என எல்லாவற்றையும் நாட்குறிப்பாக எழுதினார். கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் இரண்டிலும் சேர்த்து அவர் நேரில் சென்றவை ஏறத்தாழ 250 ஆலயங்கள். அவற்றில் சஃபோக்கைச் சேர்ந்தவை 150 அளவில். மூலப் பிரதி தொலைந்துவிட்டது. பிரதி ஒன்றிலிருந்து சஃபோக் பகுதியை 1786இல் உட்பிரிட்ஜ் ஊர் அச்சகத்தார் ராபர்ட் லோடர் வெளியிட்டார். இங்கிலாந்து முழுவதும் இப்படிப்பட்ட உடைப்பு நடந்த அந்தக் காலத்தில், தான் செய்ததை நாள்தோறும் இவ்வளவு விரிவாக எழுதிவைத்த வேறொருவர் நமக்குக் கிடைக்கவில்லை. டௌசிங்கின் கெட்ட பெயருக்கு இதுதான் முதற்காரணம். எழுதாதவர்கள் தப்பித்தார்கள்.

அந்த நாட்குறிப்பையே சாட்சிக்கு அழைப்போம். அதில் திரும்பத் திரும்ப வருபவை நான்கைந்து வகைதான்: சாளரக் கண்ணாடியில் உள்ள உருவங்கள், கூரை முகட்டிலும் முகப்பிலும் உள்ள கற்சிலுவைகள், இறந்தவரின் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளும்படி கேட்கும் பித்தளை வாசகங்கள், கூரை மரத்தில் செதுக்கிய வானதூதர்கள், சமன்படுத்த வேண்டிய பீடப் படிகள். இடைக்கால ஆலயம் ஒன்றில் ஒருவர் கண்டிருக்கக்கூடிய மற்ற பெரும்பொருள்களை எண்ணிப் பாருங்கள். பாடுபட்ட சுரூபமும் அதன் இருபுறமும் நின்ற மாதாவும் யோவானும், அவர்கள் நின்ற மர மேடை, பக்கத்துக்கு ஒன்றாக இருந்த கற்பீடங்கள், ஒவ்வொரு பீடத்துக்கும் உரிய புனிதரின் சுரூபம், சுவர் முழுவதும் தீட்டிய ஓவியங்கள். இவை அந்த நாட்குறிப்பில் தலைகாட்டுவதே அரிது. கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி எழுதிய மனிதர் அவர். சிலுவையில் அறைந்த பெரிய உருவம் ஒன்று நின்றிருந்தால் அதை எழுதாமல் விட்டிருப்பாரா? அவர் எழுதாததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அவர் போனபோது அவை அங்கே இல்லை. சில ஊர்களில் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றே எழுதிவிட்டு நகர்கிறார்.

அவை எப்போது போயின? ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே. எட்டாம் ஹென்றி ஆட்சியில் மடங்கள் கலைக்கப்பட்டன. பரி செயின்ட் எட்மண்ட்ஸின் பெரிய மடம் 1539 நவம்பரில் மன்னரிடம் ஒப்படைக்கப்பட்டது. மக்கள் யாத்திரை போன இப்ஸ்விச் மாதா சுரூபம் அதற்கு முந்தைய ஆண்டே லண்டனுக்குக் கொண்டுபோகப்பட்டது. ஆனாலும் ஊர் ஆலயங்களுக்குள் அப்போது பெரிய மாற்றம் இல்லை. சிறுவன் ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறியபின்தான் அது தொடங்கியது. 1547இல் கட்டளைகள், 1548 பிப்ரவரியில் எல்லாச் சுரூபங்களையும் அகற்ற ஆணை, 1550இல் கற்பீடங்களை இடித்து மர மேசை வைக்க உத்தரவு. இவற்றை நிறைவேற்ற லண்டனிலிருந்து படை வரவில்லை. பங்கு மக்கள் தங்களுக்குள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கும் காரியஸ்தர்கள் இருவர் நிறைவேற்றினார்கள். ஆலயத்தின் வரவுசெலவு அவர்கள் கையில். லாங் மெல்ஃபோர்ட், மில்டன்ஹால், பாக்ஸ்ஃபோர்ட், கிராட்ஃபீல்ட் போன்ற பங்குகளின் பதினாறாம் நூற்றாண்டுக் கணக்குகள் இன்றும் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கணக்குகளில் எழும்பும் ஓசை கலகக் கூச்சல் இல்லை; கூலியும் வரவும்தான். பீடத்தை இடித்ததற்கு இவ்வளவு, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததற்கு இவ்வளவு, வெள்ளிப் பாத்திரம் விற்றதில் வரவு இவ்வளவு. அரசு வந்து பறித்துக்கொள்ளும் என்று மோப்பம் பிடித்த பங்குகள், 1547 முடிவதற்குள்ளேயே பாத்திரங்களை விற்றுப் பணத்தைக் கூரைக்கும் பாலத்துக்கும் சாலைக்கும் செலவிட்டுவிட்டன. மெல்ஃபோர்டில் அகற்றிய சுரூபங்களில் சிலவற்றை வாங்கியவர், அந்த ஆலயத்தைக் கட்டிய கிளாப்டன் குடும்பத்தவரே.

பிறகு நடந்தது இன்னும் வேதனை. 1553இல் அரியணை ஏறிய மேரி ராணி பழைய கத்தோலிக்கப் பூசையைத் திரும்பக் கொண்டுவந்தார். இடித்த பீடத்தை அதே பங்கு, அதே காரியஸ்தர் முறையில், தன் செலவில் மறுபடி கட்ட வேண்டும். சுரூபம் செய்ய வேண்டும். உடுப்பு வாங்க வேண்டும். 1558இல் அவர் இறந்தார். அடுத்து அரியணை ஏறிய எலிசபெத்தின் கட்டளைப்படி 1559இல் எல்லாம் மறுபடி இறங்கின. 1561இல் சுரூபம் நின்ற மேடைகளையும் இறக்க ஆணை வந்தது. பதின்மூன்று பதினான்கு ஆண்டுக்குள் ஒரே ஊர் இறக்கி, ஏற்றி, மறுபடி இறக்கியது. ஒவ்வொரு முறையும் கூலி கொடுத்தது ஊர். இதைக் கண்ணால் கண்ட ஒருவரின் எழுத்து நமக்கு வாய்த்திருக்கிறது. மெல்ஃபோர்டில் வாழ்ந்த ரோஜர் மார்ட்டின் பழைய நம்பிக்கையை விடாதவர். தான் சிறுவயதில் கண்ட ஆலயம் எப்படி இருந்தது, எந்தப் பீடம் எங்கே நின்றது, திருநாளில் ஊர்வலம் எப்படிப் போனது என்று முதுமையில் எழுதிவைத்தார். கிறிஸ்துவின் பாடுகளைச் செதுக்கிய வேலைப்பாடு ஒன்று தன் வீட்டில் சிதைந்த நிலையில் இருப்பதாகவும், தன் வாரிசுகள் அதைச் செப்பனிட்டு ஒருநாள் திரும்ப வைப்பார்கள் என்று நம்புவதாகவும் அதில் குறிப்பிடுகிறார். அவர் இறந்தது 1615இல். அப்போது டௌசிங்குக்குப் பத்தொன்பது வயது. மார்ட்டின் புலம்பிய இழப்பில் டௌசிங்குக்கு எள்ளளவும் பங்கு இருக்க வழியில்லை.

எழுத்துச் சான்று போதாதென்றால் மரச் சான்று ஒன்று உண்டு. வென்ஹாஸ்டன் ஆலயத்தில் இறுதித் தீர்வையைத் தீட்டிய பலகை ஓவியம் ஒன்று, பாடுபட்ட சுரூபத்துக்குப் பின்னணியாக இருந்தது. சுரூபங்கள் பலகையின் முன் நின்றதால் அந்த இடங்களை ஓவியர் தீட்டாமல் விட்டார். சுரூபங்கள் போன பிறகு சிலுவை, மாதா, யோவான் ஆகியோரின் வடிவங்கள் வெற்று நிழல்களாகப் பலகையில் நின்றுவிட்டன. ஓவியத்தின் மேல் சுண்ணாம்பு பூசி, ரோமர் நிருபம் பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து, மேலான அதிகாரமுள்ளவர்களுக்கு ஒவ்வொருவரும் கீழ்ப்படிய வேண்டும் என்னும் பகுதியை எழுதினார்கள். சுரூபத்தை இறக்கியவர்கள் யார் சொல்லி இறக்கினார்கள் என்பதை அவர்களே பலகையில் எழுதிவைத்தது போல இருக்கிறது. இந்தப் பலகைகள் 1892இல் நடந்த சீரமைப்பின்போது குப்பை என்று பெயர்த்து வெளியே போடப்பட்டன. இரவில் பெய்த மழை சுண்ணாம்பைக் கரைத்தது, ஓவியம் தெரிந்தது. முந்நூறு ஆண்டு பிழைத்த ஓவியத்தைத் தூக்கி எறிந்தவர்கள், ஆலயத்தை அழகுபடுத்த வந்த விக்டோரியா காலத்து நல்லெண்ணக்காரர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சஃபோக்கின் இழப்புக் கணக்கில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சீரமைப்புக்கு ஒரு தனிப் பத்தி தரவேண்டும். அதை யாரும் டௌசிங் பெயரில் எழுத முடியாது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு டௌசிங்கின் எண்களிலிருந்தே வரும். கிளேர் ஆலயத்தில் மட்டும் ஆயிரம் படங்களை உடைத்ததாக எழுதியிருக்கிறாரே, இவரையா விடுவிக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்கலாம். விடுவிப்பது என் நோக்கம் இல்லை. கிளேர் சாளரங்களுக்கு அவர் பொறுப்பாளிதான். ஆனால் அந்த ஆயிரம் என்பது கண்ணாடிச் சாளரங்களில் இருந்த சிறியதும் பெரியதுமான உருவங்களின் எண்ணிக்கை. கண்ணாடி மட்டும் ஏன் 1644 வரை நின்றது? எசெக்ஸில் குருவாக இருந்த வில்லியம் ஹாரிசன் 1577இல் அச்சான தம் நூலில் இதற்குக் காரணம் தருகிறார். சுரூபங்களும் மேடைகளும் போய்விட்டன. சாளரப் படங்கள் மட்டும் விடப்பட்டன, ஏனென்றால் புதுக் கண்ணாடி போதிய அளவு கிடைப்பதில்லை, கிடைத்தாலும் விலை அதிகம். ஆகவே அவை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெள்ளைக் கண்ணாடியாக மாறிவருகின்றன என்கிறார். குளிர்காலத்தில் சாளரத்தைத் திறந்து போட எந்தக் காரியஸ்தருக்கும் மனம் வராது. டௌசிங்குக்குக் கிடைத்தது, பங்கு மக்கள் செலவுக்கு அஞ்சி விட்டுவைத்த மிச்சம்.

பீடப் படிகளைச் சமன்படுத்தியது வேறு கதை. நாட்குறிப்பில் அது அடிக்கடி வருகிறது என்பதால் இடைக்காலப் பொருள் ஒன்று அழிந்ததாக எண்ணிவிடக்கூடாது. 1635 முதல் 1638 வரை நார்விச் மறைமாவட்டத்துக்கு ஆயராக இருந்த மாத்யூ ரென், மேசையைக் கிழக்குச் சுவரோரம் படிகளின் மேல் உயர்த்தி வைத்துக் கிராதி கட்டும்படி பங்குகளை நெருக்கினார். இப்ஸ்விச்சில் 1636இல் அவருக்கு எதிராகக் கலகமே மூண்டது. ஆக, 1644இல் சமன்படுத்திய படிகளில் பல, பத்தாண்டு வயதுகூட ஆகாதவை.

இரண்டாவது மறுப்பு வலுவானது. காரியஸ்தர்கள் அரசாணைக்குக் கீழ்ப்படிந்தார்கள், மறுத்தால் தண்டனை, அவர்களைப் பொறுப்பாளிகள் என்பது அநியாயம். உண்மை, அவர்களுக்குத் தேர்வு குறைவு. ஆனால் அந்த நியாயத்தை அவர்களுக்குத் தந்தால் டௌசிங்குக்கும் தரவேண்டும். அவரும் ஆணையின்படி நடந்தவர். 1643 ஆகஸ்ட் 28இல் நாடாளுமன்றம் பிறப்பித்த ஆணை, சிலுவைகளையும் புனிதர் உருவங்களையும் நவம்பர் முதல் தேதிக்குள் அகற்றும் கடமையை முதலில் காரியஸ்தர்களுக்கே விதித்தது. அவர்கள் செய்யாமல் விட்ட இடங்களில்தான் டௌசிங்குக்கு வேலை. பழையபடி ஊர் கீழ்ப்படிந்திருந்தால் அவர் தேவையே பட்டிருக்க மாட்டார். அத்துடன், கீழ்ப்படிதலிலும் பல தரம் உண்டு என்பதைச் சஃபோக்கே காட்டுகிறது. சிலர் பாத்திரத்தை முந்திக்கொண்டு விற்றார்கள். சிலர் ஓவியத்தைச் சுரண்டாமல் சுண்ணாம்பு பூசினார்கள். சுண்ணாம்பு மலிவு, வேண்டுமென்றால் கழுவிவிடவும் முடியும். மெல்ஃபோர்டில் ஞானிகள் குழந்தை இயேசுவை வணங்கும் வெண்சலவைச் சிற்பம் ஒன்று பீடப் பகுதியின் தரைக்கடியில் புதைந்திருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் அகப்பட்டது. யாரோ பத்திரப்படுத்தியது என்று கொள்வதே பொருத்தம். உஃபோர்டில் ஞானஸ்நானத் தொட்டிக்கு மேல் ஏறத்தாழ 18 அடி உயர்ந்து நிற்கும் மரக் கூம்பை எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில், தன் மார்பைக் கொத்திக் குஞ்சுகளை ஊட்டும் பெலிக்கன் பறவை. 1644 ஜனவரியில் வந்த டௌசிங் உடைக்கச் சொல்லிவிட்டுப் போனவற்றில் பலவற்றை ஊரார் தொடவில்லை. ஆகஸ்ட் இறுதியில் மறுபடி ஆள் வந்தபோது இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஆலயத்துக்குள் விடாமல் நிறுத்திவைத்தார்கள். போப்பாண்டவரின் மும்முடி போல் இருக்கிறது என்று டௌசிங் எரிச்சலோடு எழுதினாரே தவிர, அந்தக் கூம்பு இன்றும் அங்கேயே நிற்கிறது. தடுக்க நினைத்த ஊருக்குத் தடுக்கச் சிறிதாவது இடம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு, ஊர் நினைவை இப்படித் தள்ளலாமா என்பது. நினைவையும் சோதிக்கத்தான் வேண்டும். பிளித்பர்க் ஆலயத்தின் கூரையில் சிறகு விரித்த வானதூதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உடலில் ஈயக்குண்டுகள் பதிந்திருந்தன. டௌசிங்கின் ஆட்கள் சுட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள். டௌசிங் அங்கே 1644 ஏப்ரலில் போனார், இருபது வானதூதர்களை இறக்கச் சொன்னார், இதெல்லாம் உண்மை. ஆனால் குண்டுகள் பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியவை. ஆலயத்துக்குள் கூடுகட்டிய சிறு காக்கைகளைச் சுட மருந்தும் குண்டும் வாங்கிய செலவு 1761ஆம் ஆண்டுக் கணக்கில் இருக்கிறது. அதே ஆலயத்தின் கோபுர முனை 1577 ஆகஸ்ட் 4இல் புயலில் முறிந்து கூரையைத் துளைத்து விழுந்தது. இயற்கை, காக்கை, காரியஸ்தர் மூவரின் சேதமும் கடைசியில் ஒரே ஆளின் தலையில் ஏறிவிட்டது. பித்தளைத் தகடுகளின் கதையும் இதுவே. கல்லறைகளை உடைப்பதைத் தடுக்க எலிசபெத் 1560இலேயே பிரகடனம் வெளியிட நேர்ந்தது. தகடு பெயர்த்தவர்களைப் பற்றி ஜான் வீவர் 1631இல் அச்சிட்ட நூலில் மனம் வெதும்பினார். டௌசிங் கை வைப்பதற்கு முன்பே பெயர்ந்தவை எத்தனையோ.

வெளியாள் ஒருவன் வந்து நம் ஆலயத்தைக் கெடுத்தான் என்பது எந்த ஊருக்கும் ஆறுதலான கதை. டௌசிங் வெளியாளும் இல்லை என்பதுதான் இதில் இடிக்கிறது. அவர் பிறந்த லாக்ஸ்ஃபீல்டில் 1557இல் ஜான் நாய்ஸ் என்ற செருப்புத் தொழிலாளி, திருப்பலி அப்பத்தைப் பற்றிய பழைய போதனையை ஏற்காததால் எரிக்கப்பட்டார். தீ மூட்ட நெருப்பு கேட்டு வந்த காவலர்களுக்குத் தரக்கூடாது என்று ஊரார் தங்கள் அடுப்புகளை அணைத்துவிட்டதாக, மறைசாட்சிகளின் வரலாற்றை எழுதிய ஜான் ஃபாக்ஸ் குறிப்பிட்டிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த தலைமுறை டௌசிங்குடையது. அவரது வெறுப்பு சஃபோக் மண்ணில் விளைந்தது. ஆனால் அதே லாக்ஸ்ஃபீல்ட் ஆலயத்தில் ஏழு திருவருட்சாதனங்களைச் செதுக்கிய ஞானஸ்நானத் தொட்டி இருந்தது, இன்றும் சிதைந்த முகங்களோடு இருக்கிறது. 1644 ஜூலையில் அவர் சொந்த ஊருக்கு அதிகாரத்தோடு வந்தபோது கோபுரத்தில் கல் வானதூதர்கள், முகப்பில் சிலுவை, தரையில் ஆன்மாக்களுக்காக வேண்டக் கேட்கும் பித்தளை வாசகங்கள் எல்லாம் அப்படியே இருந்தன. சிறுவனாக அவர் ஞாயிறுதோறும் அவற்றைத்தான் பார்த்து வளர்ந்தார். நாற்பத்தேழு வயது வரை அவற்றில் ஒன்றையும் அவர் தொட்டதாகச் சான்று இல்லை. மான்செஸ்டர் பிரபுவின் கையெழுத்திட்ட தாள் கைக்கு வந்த பிறகுதான் அவரும், 1548இல் ஊர்க் காரியஸ்தர்கள் செய்தது போலவே, சுத்தியலைத் தேடினார்.